கால்கட்டு

கடிக்கலன்னா ஜாம்பி இல்லயா. சரி. அப்போ கடிக்கிறதெல்லாம் ஜாம்பியா அபிநவ்? லேடீஸ் ஹாஸ்டல் வாசல்ல ஒரு செவல நாய் படுத்திருக்கு, போன வாரம் வார்டன் மேடத்தையே கடிச்சுது, அதையும் கூட்டியாந்து மேடையில ஒக்கார வைய்யி, உன் பக்கத்துல ஒரு நாற்காலி காலியாத்தான கெடக்கு. சொல்லு. வாயத் தொற. காலையில வாய்ஸ் நோட்ல அவ்ளோ பேசுனல்ல. இப்படித்தான் செவ்வந்தி, காலேஜ் ஆடிட்டோரியத்துல கடைசிக்கு முந்துன வரிசையில ஒக்காந்து, ஒதடு அசையாம, மேடையில இருந்த ஒருத்தன வறுத்து எடுத்துக்கிட்டிருந்தா. அவன்தான் அபிநவ், ஃபிலிம் கிளப் செயலாளர், ஜாம்பி குறும்பட விழான்னு ஒண்ணு நடத்துறான், கழுத்துல அட்டை, கையில தண்ணி பாட்டில், பக்கத்துல பேய்ப்படம் ஒண்ணு எடுத்து ரிலீஸ் பண்ண சிறப்பு விருந்தினர். இவ மனசுக்குள்ள பேசுறது அவனுக்கு எங்க கேக்கப்போவுது. ஆனா இவளால நிறுத்த முடியல. பல்லிடுக்குல மாட்டுன கறித்துணுக்கு மாதிரி, நாக்கு திரும்பத் திரும்ப அங்கயேதான் போவுது. பல்லு வெளக்கிட்டிருக்கையில வந்த வாய்ஸ் நோட்டு. படம் நல்லாத்தான் இருக்காம். ஆனா ஜாம்பி இல்லயாம். பேயாம். அதனால இன்னைக்குத் திரையிடுறதுலேர்ந்து தூக்கிட்டானாம். நல்லாத்தான் இருக்காம்ல, அந்த 'தான்' எதுக்கு, பிச்சை போடுறியா. பேய்ங்கிறியே, பேய்க்குக் காலு உண்டா? எந்த ஊருல பேய்க்குக் காலு இருக்கு? சின்னப்புள்ளயக் கேளு, காலு தரையில பாவாதுன்னு சொல்லும். எங்க ஆளுக்குக் காலுதான்டா கதையே. படத்துக்குப் பேரே கால்கட்டு. அந்தப் பேரக் கேட்டதும் கல்யாணக் காமெடியான்னு கேட்ட ஆளுதான நீயி.

அதுல அவன மட்டும் சொல்லிப் பிரயோசனமில்ல, ஊருல பாதிப்பேரு அப்படித்தான் கேட்டாங்க. பக்கத்து சீட்டுல ஒக்காந்திருந்த ராசாங்கம் சித்தப்பா, பொழுது விடிய முன்னாடி பஸ் ஏறி பண்ருட்டிப் பக்கத்துலேர்ந்து வந்திருக்காரு, வர்ற வழியெல்லாம் கண்டக்டர்லேர்ந்து டீக்கடைக்காரர் வரைக்கும், எங்க அண்ணன் மவ கால்கட்டுக்குப் போறேன்னு சொல்லியிருக்காரு, அவங்களும் மாப்பிள்ள என்ன பண்றாருன்னு கேட்டிருக்காங்க. சித்தப்பா சட்டை புதுசு. காலர் அட்டைய உருவிட்டாரு, மடிப்புக்கோடு மட்டும் நெஞ்சுல கட்டம் கட்டமா நிக்கிது. மடியில ஒரு பொட்டலம், வறுத்த முந்திரி, மேடையில இருக்குற சாருங்களுக்காம். அவருதான் படத்துல பொணம். ஹீரோவும் அவரே. படம் இன்னைக்கு ஓடாதுன்னு அவருக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல சொல்லிருக்கலாம். இட்லி திங்கையில சொல்லிருக்கலாம். அவரு இட்லியப் பிட்டுக்கிட்டே, பாப்பா, நான் வர்ற சீன்ல ஜனங்க பயந்துருவாங்களான்னு கேட்டாரு, இவ சட்னியப் பாத்துக்கிட்டு, பயப்படுவாங்க சித்தப்பான்னா. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது. இப்போ அவரு கழுத்த எக்கி எக்கித் திரையப் பாக்குறாரு. "பாப்பா, நம்ம படம் எப்ப?" "பேசி முடிக்கட்டும் சித்தப்பா." "ரொம்பப் பேசுறாங்களே." "ஆமா." "பேசுறதுக்கா பஸ் ஏறி வந்தோம்." அந்தப் பக்கத்து சீட்டுல இருந்த ஃபர்ஹானா சிரிப்ப அடக்க முடியாம ஷால வாயில அமுக்கிக்கிட்டா. அவதான் கேமரா. அவளுக்கு எல்லாம் தெரியும், சித்தப்பா பக்கம் மட்டும் திரும்பாம இருக்கா.

திரையில விருந்தினரோட ஸ்லைடு வந்து நின்னுது. ஜாம்பின்னா என்ன. செத்திருக்கணும், புத்தி இருக்கக் கூடாது, தொத்தணும். அவ்ளோதான், மூணே வரி, அபிநவ் விழாவுக்கு வச்ச விதியும் இதேதான், அதுல நொழஞ்சா உள்ள, இல்லாட்டி வெளிய. எவ்ளோ சுளுவா போச்சு பாரு. சரி, செத்திருக்கணும். நீங்க போன மாசம் கிளப்ல போட்டுக் காட்டுன படம், வெள்ளக்காரன் தபதபன்னு ஓடிவர்றானே, அதுல எவன் செத்தான்? ஒருத்தனும் சாகல. காய்ச்சல். கிருமி ஏறுன காய்ச்சல்காரன், ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியவன். அவன ஜாம்பின்னு ஒத்துக்குவ. உயிரோட இருக்கவன ஜாம்பின்னு ஒத்துக்குவ, ஏன்னா ஓடுறான், கடிக்கிறான், இங்கிலீஷ்ல உறுமுறான். எங்க சித்தப்பா மூஞ்சில கோலமாவும் விபூதியும் கொழச்சுப் பூசிக்கிட்டு, நெத்தியில காசு ஒட்டிக்கிட்டு, ஈ வந்து கண்ணுல ஒக்காந்தாக்கூட இமைக்காம கெடந்தாரு, அவரு செத்தது உனக்குப் பத்தல. ரெண்டாவது, புத்தி. படத்துல அவன் செத்தும் வீட்டுக்கு வழி தெரிஞ்சு போறான், அதனால புத்தி இருக்கு, அதனால ஜாம்பி இல்லன்ன. அட அறிவாளி. மாடு சாயங்காலம் தானா வீடு திரும்புது, அது என்ன பி.எச்டியா படிச்சிருக்கு. வீட்டுக்குப் போறதுக்கு எதுக்கு புத்தி, காலு போதும். இதே சித்தப்பா, கரும்பு வெட்டு நாள்ல, இருட்டுனப்புறம் தெருவுல வருவாரு பாரு, கண்ணு தொறந்திருக்கும், ஆளு உள்ள இருக்கமாட்டாரு, கூப்புட்டா திரும்பமாட்டாரு, முட்டி மடங்காம, கையி ரெண்டும் வெட்டுக்கத்தி புடிச்ச வாக்குலயே வளஞ்சு நிக்கும், நேரா வந்து வாசப்படியில இடிச்சுக்கிட்டுத்தான் நிப்பாரு. சின்ன வயசுல அவ அந்த நேரத்துல அவரப் பாத்தா ஓடி ஒளிஞ்சுக்குவா. அந்த நடைக்காகத்தான அவர நடிக்க வச்சேன். ஃபர்ஹானா ஒரே டேக்ல ஓக்கேன்னா. அந்த நடைய எந்த மேக்கப் ஆளாலயும் குடுக்க முடியாது.

முதல் முதல்ல ஜாம்பின்னு பயந்தவன் எவன்னு உனக்குத் தெரியுமா அபிநவ், நான் படிச்சுட்டுத்தான் வந்தேன், உன்ன மாதிரி ட்ரெய்லர் பாத்துட்டு வரல. எங்கியோ கடலுக்கு நடுவுல ஒரு தீவுல, கரும்புத் தோட்டத்துல, கப்பல்ல புடிச்சாந்து போட்ட அடிமைங்க. செத்தாலாவது விட்டுருவான்னு நெனச்சிருந்தாங்க. செத்தப்புறமும் எழுப்பி வேல வாங்குவானோன்னு பயம் வந்துச்சு பாரு, அங்க பொறந்துச்சு உன் ஜாம்பி. அவன் யாரையும் கடிக்கல. கரும்பு வெட்டுனான். கடிக்கிறதெல்லாம் பின்னாடி சினிமாக்காரன் மாட்டிவிட்ட பல்லு. அப்போ உன் மூணு வரியில முதல் ஜாம்பியே தேறமாட்டான், வெளிய நில்லுன்னு அனுப்பிருவ. இத எடுத்துச் சொல்லத்தான போன வாரம் கிளப் ரூமுக்கு வந்தேன், பாதியில உனக்குப் போன் வந்துச்சு, ஒரு நிமிஷம்னு வெரலக் காட்டிட்டு வெளிய போன, வரவே இல்ல.

மூணாவது. தொத்தணும். அதுக்கும் அபிநவ் ஒரு வழி சொன்னான். யாராவது ஒருத்தனக் கடிக்க வையி, ஒரு ஷாட் போதும், லிஸ்ட்லயே வச்சுக்கிறேன்னான். சித்தப்பாவுக்கே அந்த ஆச இருந்துச்சு, படம் எடுக்கையில தெனமும் நச்சரிச்சாரு. "ஒருத்தனையாவது கடிச்சிக்கிறேன் பாப்பா, மெதுவாத்தான் கடிப்பேன்." "வேணாம் சித்தப்பா." "கடிக்காத பொணத்த எவன் பாப்பான்." "பாப்பாங்க." "உங்கப்பனும் இப்படித்தான், ஒண்ண வேணாம்னா வேணாம்தான்." ஏன் வேணாம்னு அவருகிட்டயும் சொல்லல, அபிநவ்கிட்டயும் சொல்லல. எங்களத் தொட்டா தொத்தும்னு ஏற்கனவே ஒரு கதை ஓடிக்கிட்டிருக்கு, எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலேர்ந்து ஹவுஸ்ஃபுல்லா ஓடுது, தியேட்டர விட்டு இன்னும் தூக்கல, அதுக்கு நான் வேற கைக்காசு போட்டு ரெண்டாம் பாகம் எடுக்கணுமா. காலனிக்காரன் கைபட்டா தெருவே கெட்டுப்போகும்னு நானே என் கையால கேமராவுல காட்டணுமா. மாட்டேன். கடிக்கமாட்டான். நடப்பான். அவ்ளோதான். நடக்குறதப் பாத்தே நீங்க பயந்து கதவச் சாத்துறீங்கல்ல, அப்போ தொத்து எங்க இருக்கு, அவன் பல்லுலயா, உங்க தாழ்ப்பாள்லயா.

ஏசி காத்து நேரா பிடரியில விழுந்துச்சு. அந்தச் சில்லுன்னு ஒரு இது, அது பட்டதும் ஓடைக் கரை ஞாபகம் வந்துருச்சு. வேணாம்னாலும் வரும். கார்த்திக மாசம், அவ பத்தாவது. அப்பாவ பாடையில கெடத்தியிருந்தாங்க. வாய்க்கட்டு கட்டி, கால் கட்டைவெரல் ரெண்டையும் வெள்ளத் துணிக்கிழிசலால சேத்துக் கட்டியிருந்தாங்க, அந்த முடிச்சுத்தான் அவ கண்ணுல நின்னுது, அப்பா மூஞ்சி இல்ல. பொதைக்கிற இடம் ஓடைக்கு அந்தப் பக்கம். மேலத்தெரு வழியா போனா தார் ரோடு, சட்டுனு போயிரலாம். மேலத்தெரு வழியா எங்க பொணம் போகக் கூடாது. கேக்கவும் இல்ல, சண்டையும் இல்ல, எல்லாரும் பழக்கப்பட்ட மாதிரி பாடையத் திருப்பி வரப்புல எறங்கிட்டாங்க. நடவு வயலு, சேறு, அப்புறம் ஓடை. தண்ணி நெஞ்சு மட்டும். சித்தப்பா முன்னுக்குக் கைகொடுத்தாரு, பாடையத் தலைக்கு மேல தூக்குனாங்க, ஒரு ஆளு வழுக்குனான், பாடை ஒரு பக்கமா சாஞ்சுது. பொம்பளப்புள்ளைங்க மதகுக்கு அந்தாண்ட வரக் கூடாது, அவ மதகுமேல நின்னு பாத்தா. அழல. ஒரே ஒரு நெனப்புத்தான் ஓடிச்சு: விழுந்தா அப்பா நீந்த முடியாதே, கால கட்டியிருக்காங்களே. செத்த ஆளு எதுக்கு நீந்தணும்னு அந்த வயசுக்குத் தெரியாதா என்ன, தெரியும், தெரிஞ்சும் அதேதான் ஓடிச்சு. பத்தாம் நாள் காரியத்துக்குப் படைக்கிறதுக்குள்ள ஓடையில வெள்ளம் வந்துச்சு. கரை அறுத்துக்கிட்டுப் போச்சு, மண்ணு போச்சு, நட்ட கல்லு போச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் சித்தப்பா போயி தேடிட்டு வந்து, எது எந்த இடம்னு தெரியல அண்ணின்னு அம்மாகிட்ட சொன்னாரு. அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும், மழ பேஞ்சா, எங்கியோ ஒரு கரையில அப்பா எந்திரிச்சு நிக்கிறாரு. நடக்க முடியல. வெரலு கட்டியிருக்கு. குனிஞ்சு அவுக்கணும்னு அவருக்குத் தெரியல, ஏன்னா புத்தி இல்ல. பாத்தியா அபிநவ், உன் ரெண்டாவது வரிகூட வந்துருச்சு.

அதனாலதான் முதல் ஷாட்டே முடிச்ச அவுக்குற ஷாட்டு. யாரோட கைன்னு காட்டல. அவளோட கைதான். அவுத்துவிட்டதும் சித்தப்பா எந்திரிச்சு ஓடையத் தாண்டி, இந்தத் தடவ வரப்புல எறங்காம, மேலத்தெரு வழியா நடந்து வீட்டுக்குப் போறாரு. படமே அவ்ளோதான். அந்தத் தெருவுல எப்படி எடுக்குறதுன்னு அவளுக்கும் ஃபர்ஹானாவுக்கும் மூணு நாளாத் தூக்கமில்ல. அடி விழும்னுதான் நெனச்சாங்க. கடைசியில போயி, காலேஜ்லேர்ந்து சினிமா ஷூட்டிங், ஜாம்பிப் படம்னாங்க. ஜாம்பியா, சரி எடுத்துக்குங்க. அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு கேள்வி இல்ல. தெருவே வாசல்ல நின்னுச்சு, போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு. ஒரு வீட்டுல ஃபர்ஹானாவுக்கு ஏறி நிக்க ஸ்டூலு குடுத்தாங்க. ஒரு அம்மா டீ போட்டுக் குடுத்துச்சு, சித்தப்பாவுக்கு மட்டும் பேப்பர் கப்பு, அதுவேற விஷயம். நெத்தியில காசோட, வாய்க்கட்டோட, பொணமாவே எங்க சித்தப்பா அந்தத் தார் ரோட்டுல நடந்தாரு. "நல்லா செத்த மாதிரியே இருக்கான்யா"ன்னு ஒருத்தர் பாராட்டுனாரு. விடலப் பசங்க வந்து, அண்ணே எங்களக் கடிங்கண்ணே, ரீல்ஸ் போடுறோம்னானுங்க. சித்தப்பா ஏக்கமா அவளப் பாத்தாரு. அவ வேணாம்னு தலைய ஆட்டிட்டா. கதவச் சாத்துங்கன்னு அவதான் கெஞ்ச வேண்டியதாப் போச்சு, ஒருத்தரும் சாத்தமாட்டேன்னாங்க, படத்துல மூஞ்சி தெரியணுமாம். அத நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது. சினிமாப் பொணம் போலாம். நெசப் பொணம்தான் போகக் கூடாது. எங்கப்பாவத் தூக்கிட்டுப் போறப்போ ஆக்ஷன்னு ஒரு வார்த்த கத்தியிருந்தா வழி விட்டுருப்பாங்களோ என்னமோ.

கைத்தட்டு கேட்டுச்சு. விருந்தினர் பேசி முடிச்சுட்டாரு, கேள்வி நேரமாம், கிளப் பொறுப்பு மேடம் இன்னொரு மைக்க வச்சுக்கிட்டு மேடையோரம் நின்னாங்க, ஒரு மைக்க முன் வரிசையில குடுத்துட்டாங்க, கை மாத்திக் கை மாத்திப் பின்னாடி வருது. ஒருத்தன் ஜாம்பிக்கு ஏன் தலையிலயே சுடணும்னு கேட்டான். ஒருத்தி ஜாம்பி சாப்புட்டது செரிக்குமான்னு கேட்டா, ஆடிட்டோரியம் சிரிச்சுது, அபிநவும் சிரிச்சான். சிரிடா. நான் என்ன கேக்குறது. முதல் ஜாம்பி கடிக்கலன்னு சொல்லவா. பேய்க்குக் காலில்லன்னு சொல்லவா. அதுக்கெல்லாம் அவன்கிட்ட பதிலு இருக்கும், விதின்னா விதின்னுவான், அடுத்த வருஷம் பேய்ப்பட விழா வைக்கிறோம் அதுல போடுறோம்பான், அதுக்கும் கைத்தட்டுவானுங்க. சித்தப்பா அவ முழங்கையச் சொரண்டுனாரு. "இதெல்லாம் முடிஞ்சதும் நம்ம படந்தான?" நம்ம படம். கட்டம் கட்டமா மடிப்பு வுழுந்த சட்டையோட அவரு சொன்ன அந்த நம்ம, போயி எதுலயோ இடிச்சுது. நம்ம. எங்கியோ இன்னொரு நம்ம கேட்டமே இன்னைக்கு. காலையில. வாய்ல பேஸ்ட் நுரையோட. கடிக்கலங்கிறது இல்ல, பேய்ங்கிறதும் இல்ல, அதுக்கெல்லாம் அப்புறம், கடைசியில, போற போக்குல அவன் சொன்னது. நம்ம ஊர்ல ஜாம்பி லாஜிக்கே ஒதைக்குது, நாம எரிச்சிருவோம்ல, குழியிலேர்ந்து எப்படி எந்திரிச்சு வரும்னு. அத ஃபர்ஹானாவுக்குப் போட்டுக் காட்டுனப்போ, "இவன் எங்க அத்தாவ எப்பப் போயி எரிச்சான்"னு கேட்டா அவ, அத்தான்னா அவங்க வீட்டுல அப்பா. அப்பக்கூட செவ்வந்திக்கு ஒறைக்கல, கடிக்கிறதப் பத்தியே கத்திக்கிட்டிருந்தா. ஒறைக்காதது மட்டுமில்ல. அந்த வாய்ஸ் நோட்டக் கேக்கையில அந்த எடத்துல தலைய ஆட்டியிருக்கா. ஆமால்ல, நாம எரிச்சிருவோம்ல, லாஜிக் ஒதைக்குதேன்னு. அப்பாவ மண்ணுல வச்ச பொண்ணு.

நாங்க எரிச்சிருவோம்னு சொல்லியிருந்தா ஒண்ணுமில்ல. உங்க வீட்டு வழக்கம், எரிச்சுக்குங்க. நாமன்னு சொன்னான் பாரு. நாமன்னா நானும் அதுல சேத்தி. கேக்காமயே சேத்துக்கிட்டான், சேத்துக்கிட்ட கையோட எங்கப்பாவ இல்லாம ஆக்கிட்டான். அவரு குழியில போகவே இல்ல, எந்திரிக்கவும் இல்ல, ஏன்னா அவன் நாமவுல குழியே கெடையாது. தெருவுல போகையில நாம இல்ல, ஓடையில எறங்கையில நாம இல்ல, படத்த லிஸ்ட்லேர்ந்து எடுக்கையில மட்டும் நாம. இதுல பெரிய கூத்து என்னன்னா, ஊருல அவளும்கூட அந்த இடத்த சுடுகாடுன்னுதான் சொல்வா, எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, அங்க ஒருத்தரையும் சுட்டதே இல்ல. இடுகாடுன்னு தமிழ்ல தனியா ஒரு வார்த்த இருக்கு, பரிச்சைக்குப் படிச்சோம், வாயில வர்றதில்ல. வார்த்தையிலயே எரிச்சுட்டுப் போயிட்டாங்க எங்க ஆளுங்கள. எந்திரிச்சுக் கேக்க அவளுக்குப் பயம். பயம்தான், இல்லன்னு எதுக்குச் சொல்லணும். இன்டர்னல் மார்க்கு இருக்கு, ஹாஸ்டல் இருக்கு, பிரச்சன பண்றவன்னு ஒருதடவ பேரு விழுந்தா படிச்சு முடிக்கிற வரைக்கும் அதுதான் பேரு. விழட்டும். இல்லாட்டி இப்பவே சித்தப்பாவக் கூட்டிக்கிட்டு வெளிய போயி, புரொஜெக்டர் ரிப்பேருன்னு சொல்லி, பிரியாணி வாங்கிக் குடுத்து பஸ் ஏத்திவிட்டரலாம். அவரும் நம்பிருவாரு. முந்திரிய அவகிட்டயே குடுத்துட்டுப் போயிருவாரு. பாடையத் திருப்பி வரப்புல எறக்குனாங்களே, அதே மாதிரிதான் அதுவும், சத்தமில்லாம, பழக்கப்பட்ட மாதிரி.

மைக்கு முன் சீட்டுக்காரன் கைக்கு வந்துச்சு. அவனுக்குக் கேள்வி இல்ல, அந்தப் பக்கம் நீட்டுனான். செவ்வந்தி எட்டி வாங்குனா. எந்திரிச்சா. அவ எந்திரிச்சதப் பாத்து, படத்துக்குத்தான் கூப்புடுறாங்கன்னு நெனச்சு, சித்தப்பாவும் சட்டைய இழுத்துவிட்டுக்கிட்டு எந்திரிச்சு நின்னு, மேடையப் பாத்துக் கும்புட்டாரு. ஆடிட்டோரியம் மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு. யாரோ சிரிச்சாங்க. ஃபர்ஹானா சிரிக்கல. அபிநவ் நேரமாச்சுன்னு கைக்கடிகாரத்தத் தட்டிக் காட்டுனான்.

"என் பேரு செவ்வந்தி, ரெண்டாம் வருஷம். இவரு எங்க சித்தப்பா. இன்னைக்கு நீங்க ஓட்டாத படத்துல பொணமா நடிச்சவரு. சித்தப்பா, நம்ம படத்த எடுத்துட்டாங்க, காலையிலயே தெரியும், உங்ககிட்ட சொல்லல." அவரு கும்புட்ட கைய எறக்கல, அவளத் திரும்பிப் பாத்தாரு, அப்புறம் மறுபடி மேடையப் பாத்தாரு. "ஜாம்பின்னா என்னங்கிற சண்டைய நான் இப்ப போடல. கடிக்கலன்னே வச்சுக்குங்க, பேய்னே வச்சுக்குங்க. எனக்கு ஒரு வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் வேணும். நாம எரிச்சிருவோம்னு சொன்னீங்கல்ல அபிநவ். எங்கப்பாவப் புதைச்சாங்க. தூக்கிட்டுப் போன ஆளு இதோ நிக்கிறாரு. இவ பேரு ஃபர்ஹானா, இவங்க வீட்டுலயும் புதைக்கிறாங்க. இந்த ஹால்ல இன்னும் எத்தன பேரு வீட்டுலன்னு எனக்குத் தெரியாது. அப்போ அந்த நாமவுல யாரு யாரு இருக்கா? வாய்ஸ் நோட்ல வேணாம். மேடம், மைக்க அவருகிட்ட குடுங்க. எங்க சித்தப்பாவப் பாத்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, இப்பவே சொல்லச் சொல்லுங்க."